வீடு நிறைய விருந்தினர், நடுவில் ஜிம்மி

கேள்வி: நாங்கள் நாகர்கோவிலில் வசிக்கிறோம். எங்கள் வீட்டில் 9 வயதான லாப்ரடார் நாய் ஜிம்மியும் (எடை 28 கிலோ) ஒரு பூனையும் இருக்கின்றன. கிறிஸ்துமஸுக்கு என் அண்ணன் குடும்பமும் கணவரின் கல்லூரி நண்பர் குடும்பமும் பெங்களூரிலிருந்து வந்து புத்தாண்டு வரை தங்குவார்கள். பிள்ளைகள் மட்டும் நான்கு பேர். இளையவனுக்கு 3 வயது. சென்ற ஆண்டு பண்டிகைக்கு மறுநாள் ஜிம்மி விடாமல் வாந்தியெடுத்து, மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. இந்த முறை அதை நாய்கள் காப்பகத்தில் விட்டுவிடலாமா? வீட்டிலேயே வைத்துக்கொண்டால், நள்ளிரவுத் திருப்பலிக்குப் போகும்போது தனியாக விடலாமா?

பதில்: வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் விருந்தினர் வந்து இறங்குவதற்கு முன்பே ஜிம்மிக்கென ஓர் அறையையும், அதன் சாப்பாட்டுக்குப் பொறுப்பான ஓர் ஆளையும் முடிவு செய்துவிடுங்கள். இந்த இரண்டும் அமைந்துவிட்டால் மற்ற ஏற்பாடுகள் எளிது. அமையாவிட்டால் மற்றவற்றை எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சென்ற ஆண்டின் கதைதான்.

ஒன்பது வயது வரை வெளியில் தங்கிப் பழகாத ஒரு நாயை, வருடத்திலேயே நெரிசல் மிகுந்த வாரத்தில் முதன்முறையாகக் காப்பகத்தில் விடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. அங்கே அந்த வாரத்தில் குரைப்புச் சத்தம் ஓயாது. ஒரு நாயின் இருமல் எளிதில் பக்கத்துக் கூண்டுக்குப் போய்விடும். வேறு வழியே இல்லையென்றால், வெறிநோய்த் தடுப்பூசி, பல நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி, காப்பக இருமலுக்கான தடுப்பூசி ஆகிய மூன்றையும் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்பே போட்டு, பண்டிகைக்கு முன் ஓர் இரவு அங்கே தங்கவைத்துப் பார்த்த பிறகு விடுங்கள்.

சென்ற ஆண்டு நடந்ததற்கு வருகிறேன். நோய்க்குறிப்பைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், பண்டிகைக்கு மறுநாள் தொடங்கி மூன்று நாள் டிரிப்ஸ் வரை போகும் வாந்தி என்றால் முதலில் நான் சந்தேகிப்பது கணைய அழற்சியைத்தான். வழக்கமில்லாத கொழுப்பு ஒரே நாளில் ஏராளமாக உள்ளே போகும்போது, குடலுக்குள் போய் வேலை செய்ய வேண்டிய செரிமான நொதிகள் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு அதையே அரிக்கத் தொடங்கும். வாந்தியும் கடுமையான வயிற்றுவலியும் வரும். முன்கால்களை நீட்டிப் படுத்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கி நிற்பது அந்த வலியின் அடையாளம். சற்றுப் பருத்த, நடு வயதைக் கடந்த நாய்களுக்கு இது எளிதில் வருகிறது. லாப்ரடார்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

டிசம்பர் 26 காலையில் இப்படி வரும் குடும்பங்கள் எல்லாமே முதலில் சொல்வது ஒன்றுதான்: "நாங்கள் எதுவுமே கொடுக்கவில்லை, டாக்டர்." ஒருமுறை ஒரு பொமரேனியனோடு ஆறு பேர் வந்திருந்தார்கள். நான் ஊசி மருந்தை ஏற்றிக்கொண்டிருக்கும்போது, சித்தி தயங்கித் தயங்கி ஒரு கொழுப்புத் துண்டை ஒப்புக்கொண்டார். அதைக் கேட்டுப் பையன் பாதிக் கேக்கை ஒப்புக்கொண்டான். கடைசியில், அதுவரை எல்லோரையும் கடிந்துகொண்டிருந்த தாத்தா, "நான் ரெண்டு முந்திரிக்கொத்துதான் கொடுத்தேன்" என்றார். யாரும் பொய் சொல்லவில்லை; ஒவ்வொருவரும் தாம் கொடுத்ததை மட்டுமே கணக்கில் வைத்திருந்தார்கள். உங்கள் வீட்டில் இந்த முறை பத்துப் பேருக்குக் குறையாமல் இருப்பார்கள் என்பதால்தான் ஓர் ஆள் என்கிறேன். மற்றவர்கள் ஏதாவது கொடுக்க ஆசைப்பட்டால், ஜிம்மியின் வழக்கமான தீனியிலிருந்து ஒரு கைப்பிடியைக் காலையிலேயே ஒரு டப்பாவில் எடுத்து வைத்து, அதிலிருந்து மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அந்த டப்பா மிகவும் பிடித்துப்போகும்.

கேக் என்றதும் பலரும் சாக்லேட்டுக்குப் பயப்படுகிறார்கள். நான் அதைவிட அதிகம் பயப்படுவது பிளம் கேக்கில் இருக்கும் உலர்திராட்சைக்கு. திராட்சை, அதிலும் உலர்ந்தது, சில நாய்களின் சிறுநீரகத்தை ஓரிரு நாளில் செயலிழக்கச் செய்கிறது. எந்த நாய்க்கு எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. காரணம் நெடுங்காலம் புதிராகவே இருந்தது. 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விலங்கு நச்சியல் மருத்துவர்கள், திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டில் வெளியான அறிக்கையில், அதே அமிலம் நிறைந்த புளியைத் தின்ற நாய்களுக்கும் இதே பாதிப்பு நேர்ந்தது பதிவாகியிருக்கிறது. நம் வீட்டு நாய்களில் பாதி ரசம் சாதத்தில் வளர்ந்தவைதான் என்பதால் ஒரு கவளத்துக்குப் பதற வேண்டாம். ஆனால் புளி உருண்டையும் புளிக்காய்ச்சலும் அதன் வாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். சர்க்கரைப் பொங்கலிலும் பாயசத்திலும் உலர்திராட்சை உண்டு என்பதைப் பொங்கல் வரை மறக்க வேண்டாம்.

சாக்லேட்டில் இருக்கும் தியோப்ரோமின் என்ற வேதிப்பொருளை நாயின் உடல் மிக மெதுவாகவே வெளியேற்றும். பாதியளவு வெளியேறவே ஏறத்தாழ 17 மணி நேரம் ஆகிறது. உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் அளவில் வாந்தியும் படபடப்பும் தொடங்கும். 60 மில்லிகிராமை எட்டினால் வலிப்பு வரலாம். சாதாரண பால் சாக்லேட்டில் கிராமுக்குச் சுமார் 2 மில்லிகிராமும், டார்க் சாக்லேட்டில் 5 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருக்கின்றன. ஆகவே 28 கிலோ எடையுள்ள ஜிம்மி ஒரு சிறு துண்டு பால் சாக்லேட்டைத் தின்றால் ஒன்றும் ஆகாது. 100 கிராம் டார்க் சாக்லேட் கட்டியை முழுதாக விழுங்கினால் உடனே கிளம்ப வேண்டும். கோகோ பவுடர் இவற்றைவிடப் பலமடங்கு வீரியமானது என்பதால், கேக் செய்யும் நாளில் ஜிம்மி அடுக்களைக்கு வெளியே இருப்பது நல்லது.

பிரியாணி எலும்பும் அதிலுள்ள வெங்காயமும் வேண்டவே வேண்டாம்: வெந்த எலும்பு கூராக உடையும், வெங்காயம் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சர்க்கரை சேர்க்காத சூயிங்கம் நண்பர்களின் கைப்பையில் இருக்கலாம். அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் அரைமணி நேரத்திலேயே நாயின் இரத்தச் சர்க்கரை சரிந்துவிடும். பைகளைத் தரையில் வைக்காமல் மேலே வைக்கச் சொல்லுங்கள்.

இவற்றில் எதையாவது தின்றுவிட்டதென்று தெரிந்தால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவந்தால், ஊசி மூலம் வாந்தியெடுக்க வைத்துப் பெரும்பகுதியை வெளியே எடுத்துவிட முடியும். உப்புக்கரைசலை வாயில் ஊற்றும் பழைய வழக்கம் ஆபத்தானது. அந்த உப்பே நஞ்சாகிவிடும். வீட்டிலுள்ள பாராசிட்டமாலையோ வலி மாத்திரையையோ கொடுக்காதீர்கள். பூனைக்கு ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரையே உயிரைப் பறிக்கப் போதுமானது. தின்ற பொருளின் உறையைக் கையோடு எடுத்து வாருங்கள்.

இனி, பிள்ளைகள். ஒன்பது வயது லாப்ரடாருக்கு இடுப்பிலோ முழங்காலிலோ மூட்டுவலி இருக்க வாய்ப்பு அதிகம். பாசமான நாயாகவே இருந்தாலும், தூங்கும்போது மூன்று வயதுப் பிள்ளை வந்து இடுப்பில் விழுந்தால் அது திடுக்கிட்டுத் திரும்பும். நாய் கடிப்பதற்கு முன் பலமுறை கெஞ்சுகிறது, நாம்தான் கவனிப்பதில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்வது, தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்ப்பது, உடல் விறைத்து அசையாமல் நிற்பது ஆகியவை எல்லாம் "போதும், விடு" என்பதன் வடிவங்கள். அதன் பிறகே உறுமல் வரும். உறுமியதற்காக அதட்டாதீர்கள், அதட்டினால் அடுத்த முறை உறுமாமலேயே கடிக்கும். பிள்ளையை அமைதியாக விலக்கி, ஜிம்மியை அதன் அறைக்கு அழைத்துச் செல்லுங்கள். அது சாப்பிடும்போதும் தூங்கும்போதும் யாரும் தொடக்கூடாது என்பதையும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் சின்னவனும் நாயும் ஒரே அறையில் இருக்கக்கூடாது என்பதையும் வந்த அன்றே நண்பரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். வருத்தப்படுவார்களோ என்று தயங்கவேண்டியதில்லை. தவறிப் பல்லோ நகமோ பட்டுக் கீறினால், ஜிம்மிக்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

திருப்பலிக்கு நீங்கள் தயங்காமல் போகலாம். உங்கள் மாவட்டத்தில் 24ஆம் தேதி இரவும் 31ஆம் தேதி இரவும் வெடிச்சத்தம் உச்சத்தில் இருக்கும் நேரமும், வீட்டில் ஆளில்லாத நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன என்பதுதான் சிக்கல். மாலை ஆறு மணிக்கே கழுத்துப்பட்டையோடும் சங்கிலியோடும் வெளியே அழைத்துச் சென்று திரும்பிவிடுங்கள். அதன் பிறகு வெளிக்கதவு திறக்கும்போதெல்லாம் அது அறைக்குள்ளேயே இருக்கட்டும். தெருவைப் பார்க்காத உள்ளறையாக, சன்னல் அடைத்து, மின்விசிறியும் வானொலியும் ஓட, அதன் பழைய விரிப்போடு இருந்தால் போதும். குளியலறைக்குள்ளோ கட்டிலுக்கடியிலோ நுழைந்துகொண்டால் இழுக்காதீர்கள். அது தானே தேர்ந்த இடம். நீங்கள் வீட்டிலிருக்கும்போது பயந்து உங்களிடம் வந்தால் தடவிக்கொடுங்கள். தடவினால் பயம் அதிகரிக்கும் என்று சொல்வதில் உண்மையில்லை. சென்ற ஆண்டு நடுங்கியது, கதவைப் பிறாண்டியது என்றால், பதற்றம் தணிக்கும் மாத்திரையைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் டிசம்பர் இரண்டாம் வாரத்திலேயே பேசி, ஒரு சாதாரண நாளில் கொடுத்துப் பாருங்கள். வெறும் மயக்க மாத்திரையைக் கேட்காதீர்கள். அவற்றில் சில, உடலை மட்டும் அசையவிடாமல் செய்து, பயத்தை அப்படியே உள்ளே விட்டுவிடும்.

பூனையைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. பூனை வளர்ப்பவர்கள் கேட்பதே இல்லை. மணல்தட்டும் தண்ணீரும் உள்ள ஓர் உயரமான ஒதுக்குப்புறம் கிடைத்தால் அது புத்தாண்டு வரை கண்ணில் படாமலேயே இருந்துகொள்ளும். ஆனால் மரத்திலும் குடிலிலும் தொங்கவிடும் மினுமினுப்பான ஜரிகைத் தோரணம் அதற்கு எமன். விழுங்கினால் குடலைச் சுருக்கிப்போட்டு அறுத்துவிடும். ஆசனவாயில் நுனி தெரிந்தாலும் இழுக்காமல் அப்படியே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். பூங்கொத்தில் லில்லி இருந்தால் வீட்டுக்குள் வைக்க வேண்டாம். அதன் மகரந்தம் உடலில் பட்டு நக்கினால்கூடப் பூனையின் சிறுநீரகம் கெடும்.

நாகர்கோவிலில் குளிர் என்று சொல்லுமளவுக்கு இல்லையென்றாலும், ஈரமான மொசைக் தரை ஜிம்மியின் மூட்டுக்கு ஆகாது. கோணிச்சாக்கை இரண்டாக மடித்து, அதன் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டுவிடுங்கள். 25ஆம் தேதி உங்கள் மருத்துவர் ஊரில் இருப்பாரா என்று 20ஆம் தேதிக்குள் கேட்டு, இல்லையென்றால் அன்று திறந்திருக்கும் வேறொரு மருத்துவமனையின் எண்ணை வாங்கி, ஜிம்மியின் எடையோடு சேர்த்து எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். நீங்கள் அடுப்படியில் இருக்கும் நேரத்தில் அந்த எண்ணை அழைக்கப்போவது உங்கள் அண்ணியாகவும் இருக்கலாம்.