தாஜில் ஒரே இரவு: எந்தப் பகுதியில் அறை எடுப்பது?

பெற்றோரின் மணிவிழாவுக்காக மும்பை தாஜ் மகால் பேலஸில் ஓர் இரவு தங்க, பழைய கட்டடமா, பக்கத்திலுள்ள டவர் என்ற புதிய அடுக்குமாடியா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்கு வரலாற்றில் ஆர்வம் என்கிறீர்களே, தயங்காமல் பழைய கட்டடத்தையே எடுங்கள். ஜம்சேட்ஜி டாட்டா கட்டி 1903இல் திறந்தது அதுதான். டவர் 1970களில் வந்தது. எதிரே நிற்கும் கேட்வே ஆஃப் இந்தியாவே 1924இல்தான் திறக்கப்பட்டது!

நடுவிலுள்ள பெரிய படிக்கட்டில் நின்று ஒருமுறை குவிமாடத்தை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். கட்டடத்தின் முன்பக்கத்தைத் தவறுதலாகப் பின்பக்கமாக மாற்றிக் கட்டிவிட்டார்கள் என்று யாராவது கதை சொன்னால் நம்பாதீர்கள். பழைய வாசலே கடல்பக்கம் இல்லாமல் ஊர்ப்பக்கம்தான் இருந்தது. இப்போது அங்கே நீச்சல்குளம்.

'கடல் பார்த்த அறை' என்று முன்பதிவிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எல்லா அறைக்கும் கடல் தெரியாது.