தங்கம் ஒருவருக்கு, செய்கூலி ஒருவருக்கு

கேள்வி: என் மகன் பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். ஆப்பிள் மடிக்கணினிதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். அதே திரை அளவு, அதே ராம் உள்ள விண்டோஸ் கணினி எஸ்.பி. ரோட்டில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. உலகில் பத்து கணினி விற்றால் ஒன்றுதான் ஆப்பிளாம். ஊரே ஒதுக்கிய பொருளை இரட்டை விலைக்கு விற்பது கொள்ளை இல்லையா?
- வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: கொள்ளையா என்பதை அப்புறம் பார்க்கலாம் ஐயா. 'ஊரே ஒதுக்கிய' என்பதை முதலில் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். விற்ற பெட்டிகளை எண்ணிவிட்டீர்கள், கல்லாவைத் திறந்து பார்க்கவில்லை.

நீங்கள் சொல்லும் அதே எஸ்.பி. ரோட்டில், மாடிப்படி ஏறிப் போகிற ஒரு கடை எனக்குப் பழக்கம். கடைக்காரர் வாணியம்பாடிப் பக்கத்துக்காரர். விலை கேட்டால் துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். மடிக்கணினியின் விலையை எழுதும்போது அவர் முகத்தில் ஒரு சுரத்தும் இருக்காது. அதன் கீழே பை, மவுஸ், ஆன்டிவைரஸ் என்று எழுதத் தொடங்கியதும் பேனா வேகமாக ஓடும். "பெட்டியில் எனக்கு மிஞ்சுவது டீச் செலவுதான் சார். எதிர்க் கடையில் நூறு ரூபாய் குறைத்தால் நீங்கள் அங்கே போய்விடுவீர்கள். நான் பிழைப்பது பையில்" என்றார் ஒரு நாள்.

அவர் பிழைப்பு மட்டுமா அப்படி? அந்தப் பெட்டியைச் செய்கிற பெரிய கம்பெனிகளின் பிழைப்பும் ஏறக்குறைய அதுதான். புதுக் கணினியைத் திறந்தவுடன் முப்பது நாள் ஆன்டிவைரஸ் ஒன்று வந்து 'புதுப்பியுங்கள்' என்று நச்சரிக்கிறதே, அதை உள்ளே வைத்து அனுப்பப் பெட்டிக்காரர்கள் காசு வாங்குவது வெகுநாள் வழக்கம். அதுதான் அவர்களுடைய 'பை'.

இந்த நிலைமைக்கு விதை போட்டது ஐ.பி.எம். 1981இல் அவசர அவசரமாகத் தன் பி.சி.யைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, சிப்பை இன்டெல்லிடமும், கணினியை ஓட்டும் அடிப்படை மென்பொருளான இயங்குதளத்தை மைக்ரோசாஃப்டிடமும் வாங்கிப் பொருத்தியது. அதே இயங்குதளத்தை மற்றவர்களுக்கும் விற்கும் உரிமை மைக்ரோசாஃப்ட் கையிலேயே இருந்தது. ஐ.பி.எம்.முக்கென்று மிஞ்சியது, கணினியை முடுக்கிவிடும் பயாஸ் என்ற சிறு நிரல் ஒன்றுதான். காம்பேக் என்ற புதுக் கம்பெனி அதையும் சட்டத்துக்குப் பங்கமில்லாமல் புதிதாக எழுதிக்கொண்டது. ஐ.பி.எம்.மின் நிரலைப் பார்த்தவர்கள் அது என்ன செய்கிறது என்று மட்டும் குறித்துக் கொடுத்தார்கள். அதைக் கண்ணாலும் பார்க்காதவர்கள் உட்கார்ந்து எழுதினார்கள். 1983இல், விற்பனை தொடங்கிய முதல் ஆண்டிலேயே, காம்பேக் விற்றது 11 கோடி டாலருக்கு மேல். பிறகு ஆளாளுக்குக் கடை விரித்தார்கள்.

நகைக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். தங்கம் எல்லாக் கடையிலும் ஒரே விலை, போட்டி செய்கூலியில்தான். கணினியில் தங்கம் விற்றவர்கள் இன்டெல்லும் மைக்ரோசாஃப்டும். மற்றவர்கள் செய்கூலிக்காரர்கள். அந்தக் கூலியையும் போட்டியில் குறைத்துக் குறைத்து, 'செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை' என்று போர்டு மாட்டாத குறை. காம்பேக்கை 2002இல் எச்.பி. விழுங்கியது. பி.சி. என்ற பெயரையே ஊருக்குத் தந்த ஐ.பி.எம்., 2005இல் அந்தத் தொழிலை லெனோவோவிடம் விற்றுவிட்டு வெளியேறியது. இன்று எச்.பி.யின் கணினிப் பிரிவில் நூறு ரூபாய் விற்பனைக்கு, தொழில் நடத்தும் செலவெல்லாம் போக நிற்கும் செயல்பாட்டு லாபம் ஐந்தாறு ரூபாய். ஆப்பிள் தன் கணினியான மேக்குக்கென்று தனியாக லாபக் கணக்குக் காட்டுவதில்லை. கருவிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து, தயாரிப்புச் செலவு போக நூற்றுக்கு 35க்கு மேல் நிற்கிறது. ஆராய்ச்சியும் விளம்பரமும் கழிக்காத கணக்கு அது, எனவே நேராக ஒப்பிடக்கூடாது. ஆனால் எவ்வளவு தூரம் என்பது தெரிகிறது அல்லவா?

விலையைக் கூட்டி வைத்தால் எவரும் ஆப்பிள் ஆகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். சோனியின் வையோவைவிட அழகான மடிக்கணினியை அந்த நாளில் நான் பார்த்ததில்லை. ஆனால் மூடியைத் திறந்தால் எதிர்க் கடையில் இருக்கும் அதே விண்டோஸ். 2014இல் சோனி அந்தத் தொழிலையே கைகழுவியது. எதிர்க் கடையில் இல்லாத ஒன்று உள்ளே இருக்க வேண்டும். இதை ஆப்பிளே ஒரு முறை மறந்தது. 1995இல் தன் இயங்குதளத்தைப் பிற கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்தது. அவர்கள் புது வாடிக்கையாளரைக் கொண்டுவரவில்லை, ஆப்பிளின் வாடிக்கையாளரையே மலிவு விலை காட்டி இழுத்தார்கள். 1997இல் திரும்பி வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் அந்தக் கதவை அடைத்தார். அதே ஆண்டு, ஆப்பிள் உங்கள் கையில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, இழுத்து மூடிவிட்டுப் பங்குதாரர்களிடம் பணத்தைத் திருப்பிக் கொடுப்பேன் என்றார், விண்டோஸ் கணினி விற்கும் டெல் கம்பெனியின் மைக்கேல் டெல். 2020இல் எம்1 என்ற சிப் வந்த பிறகு ஆப்பிளுக்குச் சிப்பும் சொந்த வடிவமைப்பு. தங்கமும் அவர்களுடையது, செய்கூலியும் அவர்களுடையது.

இனி உங்கள் 'கொள்ளை'. அதில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு, ஆனால் வேறோர் இடத்தில். கூடுதலாக 8 ஜி.பி. நினைவகத்துக்கு, அதாவது நீங்கள் சொன்ன ராமுக்கு, ஆப்பிள் வாங்கிவந்தது 200 டாலர். பின்னால் நாமே வாங்கிப் போட்டுக்கொள்ளவும் வழியில்லை, எல்லாம் ஒட்டிவைத்தது. 2024 அக்டோபரில் திடீரென்று எல்லா மேக்குகளிலும் 16 ஜி.பி.யை அடிப்படை ஆக்கினார்கள், மேக்புக் ஏர் என்ற மடிக்கணினிக்கு விலைகூட ஏறவில்லை. அப்படியானால் அந்த 200 டாலரில் பொருளின் விலை எவ்வளவு? இந்தக் கோபத்தை அங்கே காட்டுங்கள்.

மகன் விஷயம்: முதலில் கல்லூரியில் கேளுங்கள். பொறியியல் மென்பொருள்களில் சில விண்டோஸில் மட்டுமே ஓடும். அவனுடைய பாடத்துக்கு அப்படி ஒன்று இருந்தால் அடம் அன்றே அடங்கிவிடும். எஸ்.பி. ரோட்டுக்கே போவதானால், நினைவகம் சேர்க்கக் காலி ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். விலையில் நூறு இருநூறு குறைக்கச் சொன்னால் முனகிக்கொண்டே குறைப்பார். பையை மட்டும் இலவசமாகக் கேட்டுப் பாருங்கள், தர மாட்டார்.