புது டிசைன் கூலன்ட் டேங்க் வாங்கலாமா?

கே: லாரியில் கூலன்ட் டேங்க் இரண்டாவது முறையாக விரிசல் விட்டுவிட்டது. புது டிசைனில் ஒன்று வந்திருக்கிறது, வாங்கலாமா?

ப: விரிசல் எங்கே என்று எழுதவில்லையே! அதுதானே முதல் தகவல்? பிளாஸ்டிக்கின் இரண்டு பாதிகளையும் உருக்கி ஒட்டிய ஒட்டில் விட்டிருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஒட்டைக் கனமாக்கி, உள்ளே தடுப்புகளைக் கூட்டியிருந்தால் அது உண்மையான முன்னேற்றம். ஹோஸ் மாட்டும் கழுத்தில் விட்டிருந்தால் ஹோஸ் இழுபடுகிறதா, டேங்க் தாங்கி ஆடுகிறதா என்று பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் எந்த டிசைனைப் போட்டாலும் அதே இடத்தில் போகும்.

கே: புது டேங்க் போட்டாயிற்று. பழைய மூடி நன்றாகத்தான் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாமா?

ப: கூடாது. பலமுறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். மூடி என்பது வெறும் அடைப்பு அல்ல, அது ஒரு வால்வு. பல வண்டிகளில் சுமார் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அதுதான். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சாதாரணமாக 107 டிகிரியில் கொதிக்கும். அந்த அழுத்தம் இருந்தால் 130-ஐ நெருங்கும் வரை தாங்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் முன்னதாகவே கொதித்து வெளியே தள்ளும். டிரைவர் வெறும் தண்ணீரை ஊற்றுவார், கலவை நீர்த்துப்போகும். அதே மூடி இறுகிப்போய்த் திறக்க மறுத்தால் டேங்க்தான் பிளக்கும். உள்ளே காற்றை விடும் சிறு வால்வு அடைத்திருந்தால், இன்ஜின் ஆறிய பிறகு ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கும். காலையில் அப்படிப் பார்த்தால் முதலில் மூடியைச் சந்தேகப்படுங்கள். நல்ல மூடியையும் கெட்ட மூடியையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. அழுத்தச் சோதனையில்தான் தெரியும். டேங்கோடு புது மூடியையும் வாங்கிவிடுங்கள், வண்டிக்குக் குறிப்பிட்ட அதே அழுத்த எண்ணில். கூடுதல் எண் போட்டால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள், அது ஹோஸையும் ரேடியேட்டரையும் சோதிக்கும்.

கே: டேங்கில் எப்போதும் குமிழி வருகிறது. புது டேங்க் சரிசெய்யுமா?

ப: செய்யாது. கூலன்ட் மாற்றியவுடன் சிறிது நேரம் காற்று வெளியேறுவது இயல்பு. நாள் முழுக்க வந்தால் ஹெட் கேஸ்கட்டிலோ (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) இஜிஆர் கூலரிலோ (இன்ஜினுக்கே திரும்ப அனுப்பும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) எரிந்த வாயு கசிகிறதா என்று சோதிக்க வேண்டும். அந்த வாயுவின் அழுத்தமே பழைய டேங்கை உடைத்திருக்கலாம்.

கே: அலுமினிய டேங்க் ஆயுசுக்கும் வருமாமே?

ப: உருகாது, வெயிலில் நொறுங்காது. ஆனால் இறுக்கமாகப் பிணைத்தால் அதிர்வில் வெல்டிங் விடும். உள்ளே அளவும் தெரியாது, அதனால் கண்ணாடித் துளையோ குழாயோ இல்லாததை வாங்காதீர்கள். லெவல் சென்சார் பொருந்துமா என்பதையும் முன்பே பாருங்கள்.

கே: பச்சை கூலன்டில் சிவப்பைச் சேர்க்கலாமா?

ப: நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நிறம் வெறும் சாயம். வண்டிக் கையேட்டில் உள்ள ரகத்தைப் பாருங்கள்.

கே: கூலன்டைத் தண்ணீரே கலக்காமல் ஊற்றினால் இன்னும் நல்லதுதானே?

ப: இல்லை. கூலன்டின் மூலப்பொருளான கிளைக்கால் தனியாக இருந்தால் வெப்பத்தைக் குறைவாகவே சுமக்கும். பாதிக்குப் பாதி கலந்தது −37 வரை உறையாது, தனியாக இருப்பதோ −13-லேயே உறைந்துவிடும். கலக்கும் தண்ணீர் காய்ச்சி வடித்ததாக இருக்கட்டும்.

கே: வெள்ளை டேங்க் மஞ்சளாகிவிட்டது. மாற்றணுமா?

ப: நிறத்துக்காக வேண்டாம். டார்ச்சை வைத்து ஒட்டையும் கழுத்தையும் பாருங்கள். முடிபோன்ற கோடு தெரிந்தால் மாற்றுங்கள். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும்; சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும்.