மாமனாரின் சளியை முதலில் பரிசோதியுங்கள்

கேள்வி: மாமியாருக்கு நுரையீரல் காசநோய் என்று அரசு மருத்துவமனையில் உறுதியாகி, மாத்திரை தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது. தட்டு, டம்ளரைத் தனியே வைத்திருக்கிறோம். என் மூன்று வயது மகன் அப்பத்தாவை விட்டு அகலமாட்டான், அவனுக்கும் ஒட்டிவிடுமா? வீட்டில் எல்லோரையும் பரிசோதிக்க வந்த சுகாதாரப் பணியாளரை, தெருவுக்குத் தெரிந்துவிடுமே என்று திருப்பி அனுப்பிவிட்டோம். மாமனாருக்கும் மூன்று வாரமாக இருமல். பீடியால் வந்ததுதான், மெடிக்கலில் லீவோஃப்ளாக்சசின் வாங்கிப் போட்டதில் சற்றுக் குறைந்திருக்கிறது. (வாசகி, காரைக்குடி)

பதில்: கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இருமல்தான் எனக்குக் கவலையளிக்கிறது. இரண்டு வாரத்தைத் தாண்டிய எந்த இருமலுக்கும் சளிப் பரிசோதனை தேவை. காசநோயாளியுடன் ஒரே வீட்டில் வசிப்பவருக்கோ ஒரு நாள் இருமினாலும் தேவை. லீவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியைச் சிறிது காலம் அடக்கிவைக்கக் கூடியது என்பதால், இருமல் குறைந்ததுபோலத் தோன்றும், நோய் கண்டறியப்படுவது தள்ளிப்போகும், பிற்பாடு உண்மையிலேயே தேவைப்படும்போது அந்த மருந்து பலிக்காமலும் போகலாம். மருந்துக்கடைக்காரர் நாடி பார்த்துக் கொடுத்தாரா? அதை நிறுத்திவிட்டு, என்ன மாத்திரை, எத்தனை நாள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, திறந்த வெளியில் நின்று, மூச்சை ஆழமாக இழுத்து நெஞ்சிலிருந்து இருமி வரும் கெட்டிச் சளியையே அவர் டப்பாவில் கொடுக்க வேண்டும்; எச்சில் பயன்படாது.

மாமியாரைப் பொறுத்தவரை, மருந்துக்குக் கட்டுப்படும் கிருமியாக இருந்து மாத்திரையையும் தவறாமல் சாப்பிட்டால், சில வாரங்களிலேயே பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். ஆறு மாதத்தை முடிப்பதே முக்கியம். சிறுநீரின் ஆரஞ்சு நிறம், காசநோய் மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் வேலை. தட்டாலும் டம்ளராலும் இந்நோய் பரவாது, காற்றால்தான் பரவும். எனவே அவருடைய பாத்திரத்தை அவரிடமே மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வானம் பார்த்த முற்றம் வீட்டுக்குள்ளேயே இருந்தும், ஜன்னலை அடைத்துக்கொண்டு எல்லோரும் ஏசி அறையில் படுத்தால், அதுதான் தவறு.

பேரனுக்கு வருவோம். பிறந்தபோது போட்ட பி.சி.ஜி. ஊசி மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான வகைகளிலிருந்து பெருமளவு காக்கும், முழுப் பாதுகாப்புத் தராது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, உடலில் புகுந்த கிருமி நோயாக மாறும் வாய்ப்பு அதிகம் என்பதால், அவனுக்கு நோய் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, எடைக்கேற்ற தடுப்பு மருந்தை இலவசமாகவே கொடுப்பார்கள். எடை ஏறாமை, விடாத காய்ச்சல், விளையாட்டில் சுணக்கம் ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் அன்றே காட்டுங்கள்.

நீங்கள் திருப்பி அனுப்பியவர் வந்தது இதற்காகத்தான். வாசலில் அவரைப் பார்த்துத் தெரு என்ன நினைக்கும் என்று தயங்கினால், நீங்களே மாமனாரையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவுக்குப் போய்விடலாம். மாமியாரின் ஊட்டச்சத்துக்கென மாதத்துக்கு 1,000 ரூபாய் வீதம் அவர் வங்கிக் கணக்கில் வர வேண்டும். 2024 நவம்பருக்கு முன்பு அது 500 ரூபாயாக இருந்தது. வரவில்லையென்றால் அதையும் அங்கேயே கேளுங்கள். மாமனாரின் சளி மட்டும் நாளைக் காலையே போகட்டும்.