வார்டில் ஒருவர் ‘போதும் சிஸ்டர்’ என்றால்: நர்ஸ்கள் கேட்டவை

‘சாகணும்னு தோணுதா’ என்று நேரடியாகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட மாட்டோமா?

மாட்டீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை என்று ஆய்வுகளில் பார்த்தாகிவிட்டது. யாராவது கேட்க மாட்டார்களா என்று இருப்பவர்கள்தான் அதிகம். ஆனால் “அப்படியெல்லாம் நினைக்கலையே?” என்று கேட்காதீர்கள், ‘இல்லைன்னு சொல்லு’ என்று நாமே சொல்லிக்கொடுப்பது அது. கூட இருப்பவரை டீ வாங்க அனுப்பிவிட்டு, திரையை இழுத்துவிட்டு, “இவ்வளவு வலி இருந்தா சிலருக்கு உயிரோட இருக்கவே வேண்டாம்னு தோணும், உங்களுக்கு அப்படி இருக்காங்கய்யா?” என்று கேளுங்கள். ஆமாம் என்றால், ஏதாவது திட்டம் வைத்திருக்கிறாரா, முன்பு முயன்றிருக்கிறாரா என்றும் கேட்க வேண்டும். திட்டம் இருந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். டியூட்டி டாக்டருக்கு அப்போதே சொல்லுங்கள், காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்க வேண்டாம்.

‘யார்கிட்டயும் சொல்லாதீங்க’ என்று சத்தியம் கேட்கிறார்.

செய்யாதீர்கள். “உங்களைப் பார்த்துக்கிறவங்களுக்கு மட்டும் சொல்வேன்” என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். அப்புறம் கேஸ் ஷீட்டில் அவர் சொன்ன வார்த்தையையே எழுதுங்கள். ‘சோர்வாக உள்ளார்’ என்று எழுதினால் நைட் டியூட்டிக்கு வருபவருக்கு என்ன புரியும்? ஹேண்ட் ஓவரில் வாயாலும் சொல்லுங்கள்.

கால் எலும்பு முறிவுக்கு அட்மிட் ஆனவர், தினமும் குடிப்பவர். மூன்றாம் நாள் இரவு பயந்து கத்திக்கொண்டு எழுந்து ஓடப் பார்த்தார். தற்கொலை எண்ணமா?

குடி திடீரென நின்றதால் வரும் டெலிரியமாக, அதாவது திடீர் மனக்குழப்பமாக, இருக்கவே வாய்ப்பு அதிகம். கைநடுக்கமும் வியர்வையும் முதல் நாளிலேயே தொடங்கலாம், ஆனால் இல்லாதது கண்ணுக்குத் தெரியும் இந்தக் குழப்பம் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில்தான் வரும். சாகும் எண்ணமே இல்லாமல், யாரோ துரத்துவதாக நினைத்து ஓடியே உயிரை விட்டுவிடலாம் என்பதால் இது அவசர சிகிச்சைக்குரிய விஷயம், ‘குடிகாரன் சேட்டை’ இல்லை. கடைசியாக எப்போது குடித்தார் என்று அட்மிஷன் அன்றே கேட்டு எழுதிவிடுங்கள், அதட்டாமல்.

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரின் மகள், அம்மா மேல் கேஸ் வருமா என்று அழுகிறார்.

மருத்துவமனை போலீசுக்குத் தகவல் கொடுக்கும், அது நடைமுறை. ஆனால் 2017 மனநலச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. சிகிச்சையும் மறுவாழ்வும் அரசின் கடமை என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நியாய சன்ஹிதாவில் இல்லை. போலீசை விட, ‘சாகப் போனவங்களுக்கு எதுக்கு பெட்’ என்று முணுமுணுக்கும் நம் ஆட்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

டிஸ்சார்ஜோடு நம் வேலை முடிந்ததா?

இல்லை, வீட்டுக்குப் போன முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட 5 நாட்டு ஊர்களில் செய்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. முயன்று பிழைத்த 1,867 பேரில் ஒரு பகுதியினரிடம் ஒரு மணி நேரம் பேசி, 18 மாதங்களில் 9 முறை போனிலோ நேரிலோ விசாரித்தார்கள், அவ்வளவுதான். தற்கொலையால் இறந்தவர்கள் அந்தக் குழுவில் 0.2 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம். எனவே முதல் வாரத்திலேயே ஒரு போன் போடுங்கள். வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தையும் மிச்ச மாத்திரைகளையும் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டின் மேலேயே 14416 என்று பெரிதாக எழுதிக்கொடுங்கள், அரசின் மனநல உதவி சேவையான டெலிமானஸின் எண் அது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.