சான்றிதழ் எதற்கு: பலகைக்கா, சுவருக்கா?

கட்டடப் பொருள்களைத் தேர்ந்தெடுப்பது குறித்தும் விவரக்குறிப்பு (பொருளும் வேலையும் எப்படி இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்துக்காக எழுதப்படும் ஆவணம்) எழுதுவது குறித்தும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள்.

கேள்வி: அண்மையில் தொழிலுக்கு வந்த கட்டடக் கலைஞர் நான். “பொருள்கள் யாவும் நடைமுறையிலுள்ள தரநிலைகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும்” என்று விவரக்குறிப்பில் பொதுவாக ஒரு வரி எழுதிவிட்டால் போதாதா?

பதில்: போதாது. அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு உங்களால் எந்தப் பொருளையும் மறுக்க முடியாது. ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 13501-இன் முதல் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருள் தீயில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அது எரியாத பொருள்களுக்கான ஏ1 தொடங்கி எஃப் வரை வகுப்புகளாகப் பிரிக்கிறது. வெளிவரும் புகைக்கு எஸ்1 முதல் எஸ்3 வரையும், எரிந்து சொட்டும் துளிகளுக்கு டி0 முதல் டி2 வரையும் தனிக் குறியீடுகள் உண்டு. “இத்தரநிலையின்படி வகைப்படுத்தப்பட்டது” என்று மட்டும் நீங்கள் எழுதினால், எளிதில் பற்றி எரியும் பொருளும் வகைப்படுத்தப்பட்ட பொருள்தான். ஆகவே தரநிலையின் எண், பதிப்பு ஆண்டு, வேண்டிய வகுப்பு, கட்டடத்தில் அது வரும் இடம் ஆகிய நான்கையும் சேர்த்தே எழுதுங்கள். “வழுக்காத தரை ஓடு” என்பது வெறும் விருப்பம். “ஈரமான நிலையில் ஊசல் சோதனையில் 36-க்குக் குறையாத மதிப்பு” என்பதோ, ஊசலைத் தரையில் உரசவிட்டு வழுக்கலை அளக்கும் சோதனை என்பதால், அளந்து பார்த்து ஏற்கவோ மறுக்கவோ கூடிய நிபந்தனை.

கேள்வி: வெளிச்சுவர் உறைக்கு நான் குறிப்பிட்ட பலகைக்குப் பதிலாக, ஒப்பந்ததாரர் வேறொன்றைக் கொண்டுவந்து, “இதுவும் சமமானதே” என்று சான்றிதழைக் காட்டுகிறார். வகுப்பு ஒன்றாகவே இருக்கிறது. நான் எதைப் பார்த்து முடிவெடுப்பது?

பதில்: முதல் பக்கத்தில் உள்ள வகுப்பைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சோதனை அறிக்கை முழுவதையும் கேட்டு வாங்கி, சோதனைக்கு வைக்கப்பட்ட மாதிரி எப்படிப் பொருத்தப்பட்டிருந்தது என்று விவரிக்கும் பகுதியை முதலில் படியுங்கள். பலகையின் தடிமன், நடுவிலுள்ள நிரப்பு, பின்னால் விடப்பட்ட காற்றிடைவெளி, அதற்கும் பின்னால் இருந்த வெப்பக்காப்பு, திருகா ரிவெட்டா கொக்கியா என்பது வரை அங்கே எழுதப்பட்டிருக்கும். உங்கள் வரைபடத்தில் உள்ள சுவர் அந்த மாதிரியிலிருந்து எங்கெல்லாம் விலகுகிறதோ, அங்கெல்லாம் அந்தச் சான்றிதழ் உங்களுக்குத் துணை நிற்காது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் அடுக்குமாடியில் பற்றிய தீ, வெளிச்சுவர் உறை வழியாக மேலேறிப் பரவியதில் 72 பேர் உயிரிழந்தார்கள். இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே எளிதில் எரியும் பிளாஸ்டிக்கான பாலிஎத்திலீன் வைத்த பலகைகள் அங்கே பயன்படுத்தப்பட்டிருந்தன. அதே பலகையைத் தட்டையாக ரிவெட் அடித்துப் பொருத்தியபோது ஒரு விதமாகவும், விளிம்புகளை மடித்துப் பெட்டி போலாக்கித் தொங்கவிட்டபோது அதைவிட மிக மோசமாகவும் சோதனை முடிவுகள் வந்திருந்தன என்பது பின்னர் நடந்த பொது விசாரணையில் வெளிப்பட்டது. அந்தப் பலகைக்கு வழங்கப்பட்டிருந்த சான்றிதழிலோ அந்த வேறுபாடு இல்லை. பொருள் ஒன்றுதான், மடித்த விதம் மாறியதும் தீயின் போக்கும் மாறிவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம், ஓர் அறிக்கையின் பின்பக்கங்களைப் புரட்டாமல் கையெழுத்திடுவது எவ்வளவு பெரிய பிழை என்று எனக்குத் தோன்றும்.

“அல்லது அதற்குச் சமமானது” என்று நீங்கள் எழுதுவதானால், எதில் சமம் என்பதையும் எழுதியாக வேண்டும். மாற்றுப் பொருளைக் கொண்டுவருபவரே சமத்தன்மையை நிறுவ வேண்டும் என்பதையும், கொள்முதலுக்கு முன்பே முழு அறிக்கையையும் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். பலகைகள் தளத்தில் வந்து இறங்கிய பிறகு மறுப்பதற்கு மனத்திடம் மட்டும் போதாது.

கேள்வி: ஒரு தீத்தடுப்புச் சுவரில் பலகை, சட்டகம், கதவு எல்லாவற்றுக்கும் தனித்தனியே சான்றிதழ் இருந்தது. ஆனாலும் ஆய்வுக்கு வந்தவர் சுவரை ஏற்கவில்லை. இது முறைதானா?

பதில்: முறைதான். தான் எரியாமல் இருப்பது வேறு, தீயை மறுபக்கம் போகவிடாமல் தடுப்பது வேறு. இரும்புத் தகடு எரியாது. ஆனால் வெப்பத்தை அப்படியே கடத்திவிடும். சுவர், கதவு போன்றவற்றின் தீத்தாங்கு நேரத்தை உலையின் வெப்பம் நேரத்தோடு எப்படி ஏற வேண்டும் என்று வரையறுக்கும் ஐ.எஸ்.ஓ. 834 வெப்ப வளைவின்படி உலையில் வைத்துச் சோதிக்கும்போது, 60-ஆவது நிமிடத்தில் உலைக்குள் ஏறத்தாழ 945 டிகிரி செல்சியஸ் இருக்கும். அந்த நேரத்திலும் மறுபக்கத்தின் சராசரி வெப்ப உயர்வு 140 டிகிரியைத் தாண்டக் கூடாது. இடுக்கு வழியாகத் தழல் வரக் கூடாது. இத்தேர்வில் தேறுவது கோத்து நிறுத்திய முழு அமைப்பு. அதன் ஓர் உறுப்பைக் கழற்றி வேறிடத்தில் வைத்தால் அந்தத் தேர்ச்சி கூடவே வராது.

ஒரு கட்டடத்தின் நடைபாதையில் நான் பார்த்த, 60 நிமிடம் தீயைத் தாங்க வேண்டிய கதவு இன்னும் கண்முன் நிற்கிறது. கதவின் விளிம்பில் சோதனை முத்திரை பளிச்சென்று இருந்தது. கீல்களும் சரியாக இருந்தன. நிலைக்கும் சுவருக்கும் இடையில் விரற்கடை அளவு இடைவெளியைச் சாதாரண ஃபோம் கொண்டு அடைத்து, மேலே பட்டி பூசி, வண்ணமும் அடித்திருந்தார்கள். விரல் நகத்தால் அழுத்தினேன்; மெத்தையில் அழுத்துவது போல உள்ளே போயிற்று. பெரிய பூட்டு ஒன்றைப் பொருத்துவதற்காக, சூட்டில் உப்பி இடுக்கை அடைக்க வேண்டிய பட்டையையும் ஓரிடத்தில் வெட்டியிருந்தார்கள். கதவு செய்தவரிடம் குறை இல்லை. பொருத்தியவரும் ஏமாற்ற நினைக்கவில்லை. அந்த இடைவெளியை எதைக் கொண்டு, எவ்வளவு ஆழத்துக்கு அடைக்க வேண்டும் என்று விவரக்குறிப்பில் ஒரு சொல்கூட இல்லை. அதை எழுதியிருக்க வேண்டியவர் வடிவமைப்பாளர்தான்.

உங்கள் சுவரிலும் குழாயும் கேபிளும் புகும் துளைகளை முதலில் போய்ப் பாருங்கள். பிளாஸ்டிக் குழாய் தீயில் உருகித் துளையைத் திறந்துவிடும் என்பதால், குழாயைச் சுற்றிக் கலவை பூசினால் போதாது. சூட்டில் உப்பிக் குழாயை நெரித்து மூடும் வளையம் தேவை. அந்த வளையமும் அதே வகைச் சுவரில், அதே விட்டமுள்ள குழாயோடு சோதிக்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

கேள்வி: மொட்டைமாடியில் பழைய பிற்றுமன் (தார் போன்ற பொருள்) பூச்சின்மேல் பி.வி.சி. நீர்த்தடுப்பு விரிப்பைப் போடலாமா? இரண்டுமே தரச்சான்று பெற்றவை.

பதில்: நேரடியாகப் போடக் கூடாது. விரிப்பை நெகிழ்வாக வைத்திருக்கும் சேர்மம் பிற்றுமன் பட்டால் வெளியேறிவிடும். விரிப்பு விறைத்துச் சுருங்கி வெடிக்கும். பாலிஸ்டைரீன் வெப்பக்காப்புப் பலகையோடு தொட்டிருந்தாலும் இதே கதிதான். இரண்டுக்கும் நடுவே விரிப்பின் தயாரிப்பாளர் ஏற்கும் பிரிப்புத் துணியை இடுங்கள். அதைக் குறிப்புப் பக்கத்தில் தனியாக எழுதாமல், கூரையின் குறுக்குவெட்டு வரைபடத்தில் ஓர் அடுக்காகவே வரைந்து பெயரிடுங்கள். தளத்தில் வேலை செய்பவர் பார்ப்பது அந்தத் தாளைத்தான்.