ஊசி போடும் கிருமியும் கறுத்த மலமும்

உங்கள் நீண்ட கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். எண்டோஸ்கோபி முடிந்து சில வாரங்கள் கழித்து, மூட்டு வலிக்காக டைக்ளோஃபெனாக் மாத்திரையை நீங்களாகவே தினமும் விழுங்கிவந்த நாட்களில், இரண்டு நாள் மலம் தார் போலக் கறுத்துப் போனதாகவும், சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் கவலைப்படுவது அந்த ஒரு வரிக்காகத்தான். இரும்புச்சத்து மாத்திரையும் பிஸ்மத் என்ற உலோகம் கலந்த வயிற்று மருந்தும்கூட மலத்தைக் கறுப்பாக்கும். ஆனால் இரைப்பையில் கசிந்த ரத்தம் அமிலத்தில் செரித்து வரும்போது மலம் பளபளப்பாக, பிசுபிசுப்பாக, தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போகாதபடி ஒட்டிக்கொள்ளும். அதன் நாற்றமும் தனி. இதற்கு 50 முதல் 100 மில்லி ரத்தம் கசிந்தாலே போதும். இப்படிக் கசியவைக்கக்கூடிய அந்த வலி நிவாரணியை இன்றோடு நிறுத்திவிட்டு, இன்றே மருத்துவமனைக்குச் சென்று ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். மறுபடி எண்டோஸ்கோபி வேண்டுமா என்பதை அங்கே முடிவுசெய்வார்கள். மலம் மீண்டும் கறுத்தாலோ, எழுந்து நிற்கும்போது தலை சுற்றினாலோ, காபித்தூள் கரைந்தது போல வாந்தி வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இனி, இது புற்றுநோயோ என்று நீங்கள் கேட்கத் தயங்கிய கேள்விக்கு வருகிறேன். திசுப் பரிசோதனை அறிக்கையில் புற்றுநோய் இல்லை. இருப்பது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவும் அது உண்டாக்கிய அழற்சியும் மட்டுமே. உலக மக்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் இரைப்பையில் இந்தக் கிருமி இருக்கிறது; அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதே இல்லை.

கிருமி நம் செல்லுக்குள் ஊசி போடுகிறது என்று காணொளியில் பார்த்தீர்கள். தந்தையாரை இரைப்பைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாதுதான். சொன்னது பொய்யில்லை, ஆனால் அரைகுறை. புதிய செய்தியும் அல்ல, 2000-ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. பல நோய்க் கிருமிகளிடம் தங்கள் புரதங்களை வெளியே தள்ளுவதற்கான சுரப்பு அமைப்புகள் உண்டு. சால்மொனெல்லாவிடம் இருப்பது மூன்றாம் வகை, உங்கள் கிருமியின் சில வகைகளிடம் இருப்பது நான்காம் வகை. அந்த வகைக் கிருமி இரைப்பைச் செல்லின் மேல் ஒட்டிக்கொண்டு, தன் உறையைத் துளைத்து நீளும் நுண்குழாய் போன்ற அமைப்பின் வழியே காக்-ஏ என்ற புரதத்தைச் செல்லுக்குள் தள்ளுகிறது. உள்ளே போனதும் நம் செல்லின் நொதிகளே அதில் பாஸ்பேட் என்ற வேதித் துணுக்கை ஏற்ற, அது வளர்ச்சிக் கட்டளைகளைக் குழப்பி, அண்டைச் செல்களோடு உள்ள பிடிப்பையும் தளர்த்துகிறது. ஆய்வகத் தட்டில் செல்கள் ஹம்மிங்பேர்ட் என்ற சிறு பறவையின் அலகு போல நீண்டுபோகும் படங்கள் இதைக் காட்டத்தான் எடுக்கப்பட்டவை. அவற்றில் பெரும்பாலும் பயன்படுத்தப்படுபவை ஏற்கெனவே ஒரு புற்றுக்கட்டியிலிருந்து வளர்த்த செல்கள் என்பதைக் காணொளிக்காரர் சொல்ல மறந்துவிட்டார்.

உள்ளே போவது புரதம். அது அங்கே தானாகப் பெருகாது. இரைப்பையின் மேற்பரப்புச் செல்கள் சில நாட்களிலேயே உதிர்ந்து புதியவை வருகின்றன; கிருமி ஒழிந்தால் அந்தப் புரதத்தின் வரத்தும் நின்றுவிடும். ஆபத்து ஒரு நாள் ஊசியால் வருவதில்லை. பல பத்தாண்டுகள் அழற்சி தொடர்ந்து, சுரப்பிகள் மெலிந்து, இரைப்பையின் உட்சவ்வு குடலின் சவ்வைப் போல மாறிய பிறகே பெரும்பாலும் ஆபத்து கூடுகிறது. இந்த மாற்றங்கள் எதுவும் உங்கள் அறிக்கையில் இல்லை. பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்து, தங்களுக்கும் இந்தக் கிருமி இருந்த 1,676 பேரைத் தென் கொரியாவில் 9 ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். சிகிச்சை பெற்ற 832 பேரில் 10 பேருக்கும், பெறாத 844 பேரில் 23 பேருக்கும் புற்றுநோய் வந்தது என்று 2020-இல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. உங்கள் நிலையில் இருப்பவருக்குச் சிகிச்சை ஏன் கட்டாயம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கடிதத்தில் நீங்கள் சொல்லியிருக்கும் நாக்கின் வெள்ளைப் படிவு, காதில் இரைச்சல், உள்ளங்கை வியர்வை ஆகியவற்றுக்கும் இந்தக் கிருமிக்கும் தொடர்பில்லை, விட்டுவிடுங்கள்.

வீட்டில் மிச்சமிருந்த அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கை ஐந்து நாள் சாப்பிட்டேன் என்று பெருமையாகவே எழுதியிருக்கிறீர்கள். சளிப்படலத்துக்கு அடியில் பதுங்கியிருக்கும் கிருமியை ஒற்றை மருந்தால், அதுவும் அரைகுறை நாட்களில், விரட்ட முடியாது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையுடன் பெரும்பாலும் இரண்டு ஆன்டிபயாடிக்குகளை, வழக்கமாக 14 நாட்கள், ஒரு வேளையும் தவறாமல் எடுக்க வேண்டும். பிஸ்மத்தும் சேர்த்துக் கொடுத்தால் மலம் கறுக்கும் என்பதால், போன முறை கறுத்ததை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கிருமி போய்விட்டதா என்பதை மருந்து முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து, மூச்சுப் பரிசோதனையாலோ மலப் பரிசோதனையாலோ பாருங்கள். அதற்கு முந்தைய 2 வாரம் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கூடாது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம். கிருமி போன பிறகும் அது நீண்ட நாள் 'உண்டு' என்றே காட்டிக்கொண்டிருக்கும்.